மயான காண்டமும் மக்கள் பாடகரும்

ஈழத்துத் தமிழ் நாடகத்தின் வரலாறு நெடுங்காலம் அச்சேறிய நாடகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. நூலாக வெளிவந்தவை கணக்கில் ஏறின. சபாக்களிலும் கல்லூரி மண்டபங்களிலும் நடிக்கப்பெற்றவை குறிக்கப்பட்டன. கோயில் வீதியிலும் வெறும் வயலிலும், பாய் விரித்து விடிய விடிய விழித்திருந்த மக்கள் முன் பாடப்பட்டவையோ அவ்வரலாற்றின் வாயிலுக்கு வெளியே நின்றன. அவ்வாறு வெளியே நின்ற கலையின் தலைமகன் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து. 'நடிகமணி' என்றே யாழ்ப்பாண மக்கள் அவரை அழைத்தனர். அவருடைய கலைவாழ்வை ஆராயப் புகும் நாம் ஒரு பாடகரின் புகழை மட்டும் பேச வரவில்லை. அவரைக் கேட்டு அழுத சமுதாயம் எத்தகையது, அந்தக் கண்ணீர் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்கவில்லை என்பனவே நமது கேள்விகள்.

வைரமுத்து கையாண்ட நாடக வடிவம் பழமையானதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கினால் தமிழகத்தில் ஒரு புதிய அரங்கு தோன்றியது. தீட்டிய திரைகள், ஹார்மோனியம், இராகத்தோடு கூடிய பாட்டு, இடையிடையே வசனம் என்பன அதன் இலக்கணம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அதற்குப் பாடல்களையும் நாடகங்களையும் வகுத்துக் கொடுத்தார். தமிழகக் குழுக்கள் கடல் கடந்து இலங்கையிலும் ஆடின, எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் தோன்றினர். யாழ்ப்பாணத்தில் இவ்வடிவத்தைக் 'கொட்டகைக் கூத்து' என்றும் 'டிறாமா மோடி' என்றும் வழங்கினர். 'இசை நாடகம்' என்ற கௌரவமான பெயர் பின்னர் வந்தது.

படித்த வர்க்கத்தார் இதனின்றும் விலகியே நின்றனர். பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையைப் பின்பற்றி இங்கும் சபாக்கள் அமைந்தன. அங்கே நடித்தவர்கள் கனவான்கள்; நாடகம் அவர்களுக்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. கொட்டகையிற் பாடியவர்களோ 'கூத்தாடிகள்'. அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நிலமும் பதவியும் மறுக்கப்பட்ட மக்கள், தங்களிடமிருந்து எவராலும் பறிக்க முடியாத குரலை மூலதனமாகக் கொண்டு வளர்த்த கலை இது எனலாம்.

வைரமுத்து 1924 பெப்ரவரியில் பிறந்தார். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தோன்றியதும் அதே ஆண்டிற்றான். சாதி வேற்றுமைக்கு எதிராகப் படித்த இளைஞர் குரல் எழுப்பத் தொடங்கிய காலம் அது. 1931 இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் வாக்குச் சாவடியிற் கிடைத்த சமத்துவம் கோயில் வாயிலிலும் தேநீர்க் கடையிலும் பொதுக் கிணற்றடியிலும் கிடைக்கவில்லை. இந்தச் சூழலில் வளர்ந்த வைரமுத்து, பின்னர் காங்கேசன்துறையில் வசந்த கான சபாவை நிறுவி, பக்த நந்தனார், சத்தியவான் சாவித்திரி, ஸ்ரீவள்ளி முதலிய நாடகங்களை ஊர் ஊராக நடத்தினார். எல்லாவற்றிலும் புகழ் பெற்றது அரிச்சந்திரன் கதை. அதிலும் அதன் இறுதிப் பகுதியாகிய மயான காண்டம். மூவாயிரம் தடவைக்கு மேல் அவர் அதனை மேடையேற்றினார் என்பர்.

ஒரே கதையை இத்தனை முறை மக்கள் ஏன் கேட்டனர்? கதை அவர்களுக்குத் தெரியாததன்று. நாட்டை இழந்த அரசன் மனைவியையும் மகனையும் விற்கிறான். தன்னையும் விற்று, சுடலை காக்கும் புலையனுக்கு அடிமையாகிறான். பாம்பு தீண்டி இறந்த மகனின் உடலைச் சுமந்து சந்திரமதி நள்ளிரவில் மயானத்துக்கு வருகிறாள். எரிப்பதற்குக் கூலி கேட்கிறான் கணவன்: கால் பணம், முழத் துண்டு, வாய்க்கரிசி. அவளிடம் எதுவுமில்லை.

இறந்த பிள்ளையை எரிக்கவும் பணம் வேண்டும் என்ற நிலை ஏழை மக்களுக்குப் புராணமன்று. அவர்கள் வாழ்ந்து கண்டது. கடமைக்கும் பாசத்துக்கும் நடுவே நின்று வைரமுத்து உச்சக் குரலெடுத்துப் பாடியபோது, அரசனின் துயரைக் கேட்டோர் தம் துயரையும் கேட்டனர்.

யாழ்ப்பாணத்தில் மயானம் என்பது வெறும் மேடைக் காட்சியாகவும் இருக்கவில்லை. சுடலைகளும் சாதியாற் பிரிக்கப்பட்டிருந்தன. 1944 இல், யாழ்ப்பாண நகரின் வில்லூன்றி மயானத்தில் பிணம் எரிக்கச் சென்ற ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 'அந்த மயானம் உங்களுக்குரியதன்று' என்பதே அவர்கள் மேற் சாட்டப்பட்ட குற்றம். அப்போது வைரமுத்துவுக்கு வயது இருபது. சுடலைக் காவலனான அரசனுக்காகக் கண்ணீர் விட்ட நாடு, மெய்யான சுடலையிற் துப்பாக்கி எடுத்து நின்றது!

கோயில் திருவிழாக்களே இந்நாடகங்களுக்குப் பெரும் ஆதரவளித்தன. வெளிவீதியில் இரவு முழுதும் பாடலாம். பகலில் உள்வீதியைத் தாண்டி வழிபடுதல் ஆகாது. இதுவே அக்கால நியதி. கலையை ஏற்று, கலைஞனின் மக்களை விலக்கும் இந்த இரட்டை நீதி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தலைசிறந்த கறுப்பினப் பாடகியரில் ஒருவரான மரியன் அண்டர்சனுக்கு 1939 இல் வாஷிங்டனில் ஒரு பெரும் மண்டபம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று எழுபத்தையாயிரம் பேர் முன் பாடினார். அங்கே கதவு சாத்தப்பட்டது. இங்கே கதவுக்கு வெளியே மேடை போட்டுக் கொடுக்கப்பட்டது. வேறுபாடு அவ்வளவே.

எனினும் கலையைப் போற்றுவதற்காக அதன் எல்லையை நாம் மறைத்தலாகாது. அரிச்சந்திரன் கதை ஒடுக்குமுறையை எதிர்க்கும் கதையன்று. பொறுத்திரு, வாக்குத் தவறாதே, இறுதியில் இழந்தது மீளும் என்பதே அதன் போதனை. மார்க்கண்டேய புராணத்திலோ, அரசனை விலைக்கு வாங்கிய புலையன் புலையனே அல்லன். தரும தேவனே அவ்வுருவில் வந்தான் என்று கதை முடிகிறது. ஒரு புலையன் அரசனுக்கு எசமானனாக இருந்தான் என்பதைக் கற்பனையிலும் பொறுக்காத சமுதாயத்தின் தந்திரம் இது. நந்தனும் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக்குள் அனுமதிக்கப்படுகிறான். கதவு திறக்கிறது, ஆனால் நுழைபவன் பழைய நந்தனல்லன்.

ஆகவே, கண்ணீர் கதவைத் திறக்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. அதுவும் ஏட்டோடு நின்றது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமுமே நிலைமையை அசைத்தன. காங்கேசன்துறைக்கு அண்டை ஊரான மாவிட்டபுரத்தில், 1968 இல், கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் அணிதிரண்டு நின்றனர். முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் எதிரணிக்குத் தலைமை தாங்கினார். அந்தப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தை எழுதினார். கூத்தின் வடிவில் அது மேடையேறியபோது, பழைய இசை புதிய செய்தியைச் சுமக்கக் கூடும் என்பது தெளிவாயிற்று.

அப்படியாயின் வைரமுத்துவின் மூவாயிரம் இரவுகளும் வீணா? அவ்வாறு கூறுவது வரலாற்றை அறியாமையாகும். 'கூத்தாடி' என்று இகழப்பட்டவன் முன் ஊர் முழுவதும் ஓரிரவு அடங்கி அமர்ந்திருந்தது. அவன் சிரித்தால் சிரித்தது, அழுதால் அழுதது. மறுநாட் காலை பழைய ஒழுங்கு திரும்பியது உண்மை. ஆனால் மனிதத் துயருக்குச் சாதியில்லை என்பதை ஓரிரவு உணர்ந்தவன், மறுநாள் சாதி பேசும்போது தன் நெஞ்சறிந்தே பொய் பேசுகிறான். போராட்டத்தைக் கலை நடத்துவதில்லை. போராட்டத்தின் நியாயத்தை மறுக்க முடியாமற் செய்கிறது.

இங்கு மற்றொரு வாழ்வையும் நினைவுகூர்வோம். கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அளித்த பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1924 இலேயே பிறந்தவர். அவர் ஊரும் அண்டையிலுள்ள தெல்லிப்பழை. இருவரும் 1989 இல் மறைந்தனர். ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். மற்றவர் வாழ்நாள் முழுதும் கொட்டகை மரபிற் பாடினார். ஒருவரது பணி ஏட்டில் ஏறியது. மற்றவரது பணி கேட்டோர் செவியில் தங்கியது. இரண்டும் சேர்ந்ததே நமது நாடக வரலாறு.

வைரமுத்து மறைந்த மறு ஆண்டு, 1990 இல், போர் காங்கேசன்துறை மக்களை வெளியேற்றியது. அவர் குரலைக் கேட்டு வளர்ந்தோர் முகாம்களிலும் அந்நிய நாடுகளிலும் சிதறினர். ஊர் இராணுவ வலயமாயிற்று. நிலம் ஆண்டுகள் பல கடந்தே சிறிது சிறிதாக மீண்டது. ஆயினும் மயான காண்டம் இன்றும் வடபுலத்தில் மேடையேறுகிறது.

மேடையேறுவது நாடகம் மட்டுமா? 2018 இல் தென்மராட்சியின் வரணியில், ஒடுக்கப்பட்ட மக்கள் வடம் பிடிக்கக் கூடாதென்று, கோயில் தேரை மண் அகழும் இயந்திரத்தால் இழுத்தனர் என்ற செய்தி வெளிவந்தது. போர் இத்தனையையும் அழித்த மண்ணில், அழிய வேண்டியது அழியவில்லை.

ஆசிரியர்களும் மாணவர்களும் இசை நாடகத்தை ஆராய வேண்டும்; எஞ்சியுள்ள முதிய கலைஞர்களிடம் சென்று மெட்டையும் முறையையும் கேட்டுப் பதிய வேண்டும். அதனோடு, அக்கலைஞர் எந்த வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதையும் கேட்டுப் பதிய வேண்டும். பாட்டை மட்டும் காப்பாற்றி அந்த வாயிலை மறப்போமாயின், பழைய கனவான்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம்.