குத்தூசியும் கடற்பயணமும்

தென்துருவக் கடல்களின் சரித்திரத்திலே, 1916 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு படகுப் பயணத்துக்குத் தனியிடம் உண்டு. சேர் ஏர்னெஸ்ற் ஷக்கிள்டனும் தோழர் ஐவரும் 'ஜேம்ஸ் கெயார்ட்' என்னும் 22½ அடிப் படகிலே ஏறத்தாழ 800 மைல் கடந்த கதை அது. கோணமானியால் சூரியனை அளந்து வழிகண்ட வோஸ்லியின் திறமையை உலகம் வியந்து பேசுகின்றது. அது தக்கதே. ஆயினும் அக்கோணமானிக்கு ஈடாக நின்று உயிர்காத்த பிறிதொரு கருவியும் அப்படகில் இருந்தது. மண்ணெண்ணெயில் எரியும் பிரைமஸ் அடுப்பே அது.

பனிக்கட்டிகளால் நெருக்குண்ட 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915 நவம்பர் 21 இல் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் மறுவருடம் ஏப்பிரலில் எலிபன்ற் தீவை அடைந்தனர். அக்காலத்தில் அங்கே கப்பல்கள் வழக்கமாக வருவதில்லை. எனவே 22 பேரை அங்கே விட்டு, உதவி நாடி ஏப்பிரல் 24 இல் அறுவர் தென் ஜோர்ஜியாவை நோக்கிப் புறப்பட்டனர். தீவில் நின்றோர் கடல்நாயின் கொழுப்பை எரித்துச் சமைத்தனர். படகிலோ அதற்கு இடமில்லை. பிரைமஸ் அணைந்தால் வேறு நெருப்பில்லை.

இவ்வடுப்பைச் சுவீடன் நாட்டினரான லிண்ட்குவிஸ்ற் என்பார் 1892 இல் ஆக்கினார். இதற்குத் திரி கிடையாது. பித்தளைத் தாங்கியிலே பம்பினால் காற்றை அமுக்க, எண்ணெய் குழாய்வழியே மேலேறும். முன்னரே ஸ்பிரிற்றை எரித்துச் சூடாக்கிய பர்னரிலே அது ஆவியாகி, நிப்பிளின் நுண்துளையாற் சீறிப் பாய்ந்து, காற்றுடன் கலந்து நீலச்சுவாலையாக எரியும். மயிரிழை போன்ற அத்துளையே அடுப்பின் உயிர்நிலை. எண்ணெயின் கரி சிறிது படிந்தாலும் சுவாலை குன்றும்.

அலைகடலில் ஆடும் படகிலே இதனை எரியவைப்பது எளிதன்று. கன்வஸ் துணி மூடிய அப்படகினுள் நிமிர்ந்திருக்கவும் இடமில்லை. இருவர் எதிரெதிரே முதுகைச் சாய்த்து, அடுப்பைக் கால்களுக்கிடையே இடுக்கிப் பிடிப்பர். படகு துள்ளும்போதெல்லாம் சட்டியைத் தூக்கிக் கொள்வர். சமையற் பொறுப்பு தொம் கிறீன் என்னும் மாலுமியுடையது. நனைந்த உடையும் உறைபனியுமாகக் கிடந்தோருக்கு, வேளை தவறாது கிடைத்த சுடுகூழும் சுடுபாலும் உணவு மாத்திரமல்ல, மருந்துமாகும். கலைமான் தோலாலான படுக்கைப் பைகளின் மயிர் உதிர்ந்து, படகின் நீரிறைக்கும் பம்பையே அடைத்தது, உணவிலும் விழுந்தது. அத்தகைய இடத்தில் நுண்துளையொன்றைக் காப்பது எவ்வளவு அரிது!

இவ்வடுப்பைப் பேணும் முறை சில விதிகளுள் அடங்கும். குத்தூசியை நேராகச் செலுத்துதல் வேண்டும். முரட்டுத்தனமாகக் குத்தினால் துளை அகன்று, சுவாலை மஞ்சளாகிப் புகை கக்கும். பின்னர் நிப்பிளையே மாற்றவேண்டியதுதான். பம்பின் தோல் வாசர் காய்ந்து சுருங்கினால் காற்று அமுங்காது. எண்ணெயிட்டு இளக்குதல் வேண்டும். பம்பின் அடியிலுள்ள வால்வு பழுதுற்றால் எண்ணெய் பம்புக்குள் ஏறும். பர்னரின் கீழுள்ள ஈய வாசர் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து தீப்பற்றும். எண்ணெயிலே கடல்நீர் கலந்தாலோ சுவாலை விக்கி விக்கி அணையும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் கரையிலேயே ஆயத்தம் செய்தனர். 1919 இல் வெளிவந்த தமது நூலிலே, படகில் ஏற்றிய பொருள்களை ஷக்கிள்டன் வரிசையாகத் தருகின்றார். 6½ கலன் மண்ணெண்ணெய், ஸ்பிரிற் ஒரு தகரம் என்பவற்றுடன், இரண்டு பிரைமஸ் அடுப்புகளும் அவற்றின் மாற்றுறுப்புகளும் குத்தூசிகளும் அதிலே இடம்பெறுகின்றன. ஒவ்வொரு இறாத்தலும் எண்ணப்பட்ட சிறுபடகிலே, ஒன்று கெட்டால் மற்றொன்று என இரண்டு அடுப்புகள் சென்றன.

மே 10 இல் படகு தென் ஜோர்ஜியாவின் கரையைத் தொட்டது. ஆனால் திமிங்கில வேட்டையாளரின் நிலையங்கள் தீவின் மறுபுறத்தில் இருந்தன. மே 19 இல் ஷக்கிள்டன், வோஸ்லி, கிறீன் ஆகிய மூவரும் மலைகளைக் கடக்கப் புறப்பட்டபோது, கனத்த படுக்கைப் பைகளை விட்டுச் சென்றனர். எண்ணெய் நிரப்பிய பிரைமஸை விட்டாரல்லர். வெண்பனியிலே குழி தோண்டி, அதனுள் அடுப்பை வைத்து எரித்துப் பசியாறினர். 36 மணி நேரம் நடந்து மறுநாள் ஸ்ரொம்னெஸ் நிலையத்தை அடைந்தனர். அவர்தம் முயற்சியால், எலிபன்ற் தீவில் எஞ்சியிருந்த 22 பேரும் 1916 ஓகஸ்ற் 30 இல் உயிருடன் மீட்கப்பட்டனர்.

வீரர் பெயரை எழுதும் சரித்திரம், அடுப்பின் துளையைத் துப்புரவாக வைத்திருந்த கையைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆனால் அத்துளை அடைபட்டுக் கிடந்திருக்குமாயின், கோணமானியைப் பிடித்த கையும் குளிரில் விறைத்திருக்கும். பெருங்கடலைக் கடப்பதற்குத் துணிவு வேண்டும். அதனுடன், புறப்படுமுன் குத்தூசியை நினைந்து எடுத்துவைக்கும் கருத்தும் வேண்டும்.