சூரியனுக்கு என்ன விலை? – 7: திறந்த மறுநாள்

1986 பிப்ரவரி 21. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் விழா. ஒன்பது வருடம் பாடுபட்டுக் கட்டிய அணுக்கரு இணைவு இயந்திரம் தயார். பெயர் எம்.எஃப்.டி.எஃப்.-பி. நீளக் குழாய்க்குள் பிளாஸ்மா. அது வெளியேறாமல் இரு முனையிலும் மறிக்கும் ராட்சதக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 375 டன். செலவு 37 கோடியே 20 லட்சம் டாலர்.

மறுநாள் பூட்டிவிட்டார்கள்.

ஓர் ஆய்வுகூட நடக்கவில்லை. ஓட்டிப் பார்த்துத் தோற்றிருந்தாலாவது அதைக் கட்டியவர்களுக்கு மனம் ஆறியிருக்கும். ஓட்டவே பணமில்லை என்று வாஷிங்டன் கைவிரித்துவிட்டது.

சென்ற வாரம் பார்த்தோமே, 1980 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்? இருபது வருடம், 2,000 கோடி டாலர், 2000-க்குள் மாதிரி மின்நிலையம். அடுத்த மாதமே கார்ட்டர் தேர்தலில் தோற்றார். மின்நிலையம் கட்டுவது தனியார் வேலை என்றது ரீகன் அரசு. எண்ணெய் விலையும் இறங்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது, பணம் வரவில்லை.

ஆனால் தனியார் மட்டும் வாங்குவார்களா? இந்தக் கேள்வியை, அந்த இயந்திரம் பூட்டப்படுவதற்கு இரண்டு வருடத்துக்கும் முன்பே ஒருவர் கேட்டுவிட்டார். எம்.ஐ.டி. பேராசிரியர் லாரன்ஸ் லிட்ஸ்கி.

எரிபொருளான டியூட்டீரியம் கடல்நீரிலேயே கிடைக்கிறது என்று எல்லோரும் பூரித்தார்கள். விறகு மலிவு, சரி. அடுப்பு? டியூட்டீரியமும் அதன் ஜோடி எரிபொருளான ட்ரிட்டியமும் இணையும்போது பிறக்கும் சக்தியில் 80 சதவீதம் நியூட்ரானோடு போகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை, காந்தத்துக்கு அடங்காது. நேரே உலைச் சுவரில் மோதும். நாள்பட நாள்பட உலோகம் உப்பும், நொறுங்கும். சுவரையே மாற்ற வேண்டும். கதிரியக்கம் ஏறிய சுவர். மனிதர் கிட்டே போக முடியாது, இயந்திரக் கைகள்தான் கழற்ற வேண்டும். அதுவரை ஆலை நிற்கும். கடனுக்கு வட்டி நிற்குமா? போதாததற்கு, அதே மின்சாரத்துக்கு யுரேனியம் பிளக்கும் உலையைவிட இந்த உலை பல மடங்கு பெரிதாக வேண்டும்.

வெளியிலிருந்து கல்லெறிந்தவர் அல்ல லிட்ஸ்கி. எம்.ஐ.டி. இணைவு மையத்தின் துணை இயக்குநர். அத்துறைக்கான ஆய்விதழின் ஆசிரியர். 1983 அக்டோபரில் இந்தக் கணக்கு முழுவதையும் அவர் ‘டெக்னாலஜி ரிவியூ’ இதழில் அச்சேற்றினார்.

இதழ் கடைக்கு வந்தது. மையத்தில் அவருடைய நாற்காலி ஆடத் தொடங்கியது…

(தொடரும்)