லாசன் மலையும் இரண்டு நூதனசாலைகளும்

வட கலிபோர்னியாவில் உள்ள லாசன் எரிமலைத் தேசியப் பூங்காவுக்குச் சென்றபோது, உடன் வந்தோர் மலையை முதலில் காண விரும்பினர். நானோ வடமேற்கு வாயிலுக்கு அருகே, மன்சனீற்றா ஏரியின் பக்கத்தில் இருக்கும் லூமிஸ் நூதனசாலையினுள் முதலில் நுழைந்தேன். அது ஒரு சிறிய கற்கட்டடம். பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு, நிகழ்ச்சியைவிட அதற்கான சான்றைத் தேடும் பழக்கம் எளிதில் விடாது.

சான்று அங்கே இருந்தது. 10,457 அடி உயரமான லாசன் மலை 1914ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி விழித்துக்கொண்டது. அடுத்த மாதம் 14ஆம் திகதி, அப்பகுதியில் வாழ்ந்த பெஞ்சமின் லூமிஸ் என்பவர், வெடிப்பொன்றை அடுத்தடுத்து ஆறு படங்களாகக் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தார். 1915 மே 22ஆம் திகதி நிகழ்ந்த பெருவெடிப்பில் சாம்பல் 30,000 அடி உயரத்துக்கு எழுந்தது. மறு ஆண்டு ஓகஸ்ட் மாதம் இம்மலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு அப்படங்களும் துணைநின்றன. 1920இல் மகள் மே இறந்தபின், அவர் நினைவாக லூமிஸ் தம்பதியர் 1927இல் கட்டியதே இந்த நூதனசாலை. பின்னர் அதனையும் சூழவிருந்த காணியையும் பூங்காவுக்கே நன்கொடையாக வழங்கினர். பெற்றோரின் துயரத்தால் ஒரு மலையின் வரலாறு பிழைத்திருக்கிறது.

ஆயினும் அப்படங்களின் முன்னே நின்றபோது என் நினைவு வேறொரு மனிதரிடம் சென்றது. இம்மலையின் தென்மேற்கு அடிவாரப் பள்ளத்தாக்குகள் யாகி மக்களின் தாயகம். 1860களில் குடியேறிகள் நடத்திய படுகொலைகளில் அவ்வினம் ஏறத்தாழ அழிந்தது. எஞ்சிய சிலர் பல்லாண்டுகள் மறைந்து வாழ்ந்தனர். அவர்களுள் இறுதியானவர் 1911 ஓகஸ்ட் மாதம் ஒரோவில் நகரின் ஓரத்தில் தனியராக வெளிப்பட்டார். தம் பெயரைத் தாமே கூறுவது அவர்கள் மரபன்று. கூறுவதற்கு வேறொருவரும் உயிரோடில்லை. எனவே மானிடவியலாளர் குரோபர் அவரை ‘இஷி’ என அழைத்தார். அம்மக்களின் மொழியில் அச்சொல்லுக்கு ‘மனிதன்’ என்றே பொருள்.

இஷி தம் இறுதி ஆண்டுகளைச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக நூதனசாலையிலேயே கழித்தார். வருவோர் முன்னிலையில் அம்பு செய்து காட்டினார். 1914 மே மாதம் குரோபரும் நண்பர்களும் அவரைத் தாயகமான டியர் கிறீக் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்றனர். அதே மாதத்தின் முடிவில்தான் லாசன் மலை வெடித்தது. 1916 மார்ச் 25ஆம் திகதி அவர் காசநோயால் இறந்தார். பூங்கா பிறப்பதற்கு அப்போது ஐந்து மாதங்களும் இருக்கவில்லை. உடலைப் பிரித்துப் பார்க்கலாகாது என்று குரோபர் எழுதிய கடிதம் காலந்தாழ்ந்தே சென்றது. மூளை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. அது 2000ஆம் ஆண்டில்தான் உறவுக் குழுக்களிடம் மீள ஒப்படைக்கப்பட்டு, அவருடைய சாம்பலோடு மலையடிவாரத்தில், வெளியே அறிவிக்கப்படாத ஓரிடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

படத்தின் கீழே யார், எங்கே, எப்போது என்று எழுதவேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். லூமிஸின் படங்களுக்கு நாளும் இடமும் உண்டு. யாருடைய மலை என்பது மட்டும் அவற்றில் இல்லை. ‘லாசன்’ என்பதுகூட, டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறிய பீற்றர் லாசனின் பெயரே.

மாலையில் தென்மேற்கு வாயில் வழியாக வெளியேறினோம். 2008இல் திறக்கப்பட்ட வருகையாளர் நிலையம் அங்கே இருக்கிறது. அதற்குச் சூட்டப்பட்டிருப்பது ‘கோம் யமனி’ என்ற பெயர். அயலில் வாழும் மலை மைடு மக்கள் இம்மலைக்கு வழங்கிய பெயர் அது. ‘பனிமலை’ என்று பொருள். யாகி மக்கள் இதனை எவ்வாறு அழைத்தனர் என்று கேட்க எண்ணினேன். யாரிடம் கேட்பது?