நிற்கும் சுருதி, நடக்கும் சுருதி: திருவனந்தபுரத்துச் செவியும் ஜாஸின் பேஸும்

தம்புராவும் டபுள் பேஸும் நான்கு தந்திகள் கொண்டவை. இரண்டும் இசையின் அடித்தளத்து ஒலியைத் தருபவை. ஆயினும் தம்புராவின் தந்திகள் பஞ்சமம், சாரணி இரண்டு, மந்திர சட்ஜம் எனச் சுருதி கூட்டப்பட்டபின் இடக்கை விரல் படாமலே கச்சேரி முடியும்வரை ஒலிக்க, ஆளுயரத்தை மிஞ்சும் டபுள் பேஸின் தந்திகளோ ஒன்றுக்கொன்று சட்ஜத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியில் கூட்டப்பட்டு, இடக்கை விரல் அழுத்தும் இடத்துக்கு ஏற்ப அடிக்கொரு ஸ்வரம் தருகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையாக நியூ ஆர்லியன்ஸில் உருவான ஜாஸில், தாளத்தின் நான்கு எண்ணிக்கையிலும் ஒவ்வொரு ஸ்வரமாக ஏறியும் இறங்கியும் செல்லும் இம்முறைக்கு ‘வாக்கிங் பேஸ்’ என்று பெயர். தம்புராவின் சுருதி நிற்பது. பேஸின் சுருதி நடப்பது. தம்புராவில் ஊறிய திருவனந்தபுரத்துச் செவிக்கு ஜாஸின் எக்காளமும் பியானோவும் எட்டிய பின்னரே பேஸ் எட்டியதற்கு முதற்காரணம் இவ்வேறுபாடே.

இந்நகரம் மேற்கத்திய வாத்தியங்களை மறுத்த நகரமன்று. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள், இசையும் நாட்டியமும் வளர்த்த சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவைத் தம் அவையில் வைத்துப் போற்றி, 1834இல் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். குரலின் கமகங்களை, அதாவது ஸ்வரங்களுக்கிடையே அசைந்தும் வழுக்கியும் செல்லும் நெளிவுகளை, அப்படியே பின்தொடரக்கூடியது என்பதால் வயலின் கருநாடக இசைக்குள் இடம்பெற்றது. அதே குடும்பத்தைச் சேர்ந்த செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் அந்த இடம் கிடைக்கவில்லை; ஒரே ராகத்தின் ஒற்றை இழையைத் தொடரும் இசையில், அதன் கீழே தனிவழி செல்லும் இரண்டாவது இழைக்குத் தேவை எழவில்லை. 1939இல் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு தொடங்கி, பின்னர் சுவாதித் திருநாள் பெயரைப் பெற்ற இசைக்கல்லூரி வளர்த்த செவியும் இந்த ஒற்றை இழையில் பயின்றதே.

அக்கல்லூரி தொடங்கிய அதே 1939இல், அமெரிக்காவில் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் ஜிம்மி பிளாண்டன் என்ற இளைஞர் சேர்ந்தார். அதுவரை பெரும்பாலும் தாளத்தைத் தாங்கும் தூணாக இருந்த டபுள் பேஸ், அவரும் எலிங்டனும் பியானோவும் பேஸும் மட்டுமாக 1940இல் பதிவுசெய்த இணைப்பாடல்களில் ராகம் பேசும் வாத்தியமாயிற்று. இரண்டாண்டுகளில், 23 வயதில், பிளாண்டன் காசநோயால் இறந்தார். அவர் திறந்த வழியில் ஸ்காட் லாஃபேரோ மேலும் நடந்தார். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழுவுடன் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு அரங்கில் 1961 ஜூன் 25 அன்று அவர் வாசித்த பதிவில் பேஸ் பியானோவுக்குப் பக்கவாத்தியமாக நில்லாமல் அதனோடு உரையாடுகிறது. பதினோரு நாளில், 25ஆம் வயதில், சாலை விபத்தில் அவர் மாண்டார். பேஸ் வாசித்தபடியே பெரிய குழுக்களை நடத்தியவரும் சாகித்தியகர்த்தாவுமான சார்லஸ் மிங்கஸ் 1979இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்டது.

இவ்விசை தெற்கே வந்த வழிகளில் முதன்மையானது வானொலி. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலியின் கீழ் வந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடலையும் மேல்நாட்டு மெல்லிசையையும் ஒதுக்கி வைக்கவே, நேயர்களின் முள் சிற்றலை வரிசையில் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியது. திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் சென்னையைவிடக் கொழும்பே அருகில் உள்ளது. 1955இல் அமெரிக்கக் குரல் வானொலியில் வில்லிஸ் கோனோவர் தொடங்கிய ஜாஸ் நிகழ்ச்சியும் சிற்றலையில் ஆசியா முழுவதற்கும் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்க்காக அவர் ஒவ்வொரு கலைஞரின் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். 1958இல் டேவ் புரூபெக்கின் நால்வர் குழு, பேஸ் கலைஞர் யூஜின் ரைட்டுடன் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் வாசித்தது. 1963இல் எலிங்டனின் குழு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது.

ஆனால் வானொலி கொண்டுவந்த ஜாஸில் பேஸ் பாதியே இருந்தது. டபுள் பேஸின் தாழ்ந்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிர்வது. உள்ளங்கையளவு ஒலிபெருக்கி கொண்ட டிரான்சிஸ்டர் பெட்டியால் அந்த அதிர்வை எழுப்ப இயலாது. மேலே பிறக்கும் இணையொலிகளை மட்டும் கேட்டு, அடி ஸ்வரத்தைச் செவியே ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். சிற்றலையின் ஏற்ற இறக்கமும் இரைச்சலும் சேர்ந்துகொள்ள, கோனோவர் சொன்ன பேஸ் கலைஞரின் பெயர் மட்டும் நினைவில் தங்கி, வாசிப்பு நழுவிவிடும். இசைத்தட்டும் கேசட்டும் ஹெட்ஃபோனும் வந்தபின்தான் அக்கலைஞர்களைத் தேடிக் கேட்பது சாத்தியமாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் தென்னகச் செவியைப் பழக்கியது திரையிசை. 1976இல் ‘அன்னக்கிளி’யுடன் வந்த இளையராஜா, பாடகரின் மெட்டுக்குக் கீழே அதற்கு நிகராகத் தனித்துப் பாடும் பேஸ் கிட்டார் வரிகளை எழுதினார். தமிழும் மலையாளமும் ஒருசேரக் கேட்கும் திருவனந்தபுரத்தில், ஜாஸ் என்ற சொல்லையே அறியாதவர்களும் இவ்வரிகளின் வழியே நடக்கும் சுருதிக்குப் பழகினர். 2003இல் இந்நகரில் உருவான ‘அவியல்’ ராக் குழு மலையாள வரிகளை மின் பேஸின் மேல் ஏற்றிப் பாடியபோது அது புதுமையாக இருந்தது, அந்நியமாக இல்லை.

மறுபுறம், தமிழ்க் கலைஞர்களே ஜாஸின் கீழ்த்தளத்துக்குள் புகுந்தனர். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லினின் ‘சக்தி’ குழுவில் பேஸ் வாத்தியமே இல்லை. பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் விக்கு விநாயக்ராம் கடத்தில் எழுப்பிய தாழ்ந்த கும்கியொலி அந்த இடத்தை நிரப்பியது. அக்குழுவின் எல். சங்கர், சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், பின்னாளில் வயலின் முதல் டபுள் பேஸ் வரையிலான ஸ்தாயிகளை எட்டும் பத்துத் தந்தி இரட்டை வயலினை உருவாக்கினார். 1984இலேயே பேஸ் கிட்டாரை மட்டும் வைத்து ஒரு முழுத் தொகுப்பை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு யோனாஸ் ஹெல்போர்க், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவுடன் 2000இல் ஒரு தொகுப்பைத் தந்தார்.

தனி பேஸ் வாசிப்பு இவ்வரலாற்றின் கடைசிப் படி. பார் ஃபிலிப்ஸ் 1968இல் பதிவுசெய்த தனி டபுள் பேஸ் வாசிப்பு இவ்வகையின் முதல் தொகுப்பாகக் கருதப்படுகிறது. டேவ் ஹாலண்டின் ‘எமரால்டு டியர்ஸ்’ 1977இல் பதிவானது. ஜாகோ பாஸ்டோரியஸ் தம் மின் பேஸின் மெட்டுகளை, அதாவது வீணையில் இருப்பதுபோல் ஸ்வர இடங்களை வரையறுக்கும் குறுக்குக் கம்பிகளை, பிடுங்கிவிட்டு வாசித்த முதல் தொகுப்பு 1976இல் வெளிவந்தது. மெட்டு இல்லாத தந்தியில் விரல் வழுக்கும்போது பிறப்பது, கோட்டுவாத்தியம் கேட்டவர்க்குப் புதிதல்லாத கமகமே. ஃபிலிப்ஸும் ஹாலண்டும் தந்தவை போல, பியானோவோ டிரம்ஸோ துணையில்லாத தனித் தொகுப்புகளில் ஆதார ஸ்வரத்தைப் பிடித்துத் தருவோர் யாருமில்லை. அதைக் கேட்பவரே மனத்தில் தாங்கிக்கொண்டு, அதிலிருந்து பேஸ் எவ்வளவு விலகிச் சென்று எப்படித் திரும்புகிறது என்று அளந்தாக வேண்டும். ஒருகாலத்தில் பேஸைக் கேட்கத் தடையாக நின்ற தம்புராப் பழக்கம், அந்த இல்லாத சுருதியை விடாமல் பிடித்திருக்கும் வேலையை இங்கே தானாகவே செய்துவிடுகிறது.