கணக்குப் பார்க்காத கலைஞன்: சித்தூர் நாகையா



1989ஆம் ஆண்டளவில் எங்கள் நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டு முற்றத்தில் ‘பாவமன்னிப்பு’ படம் போட்டார்கள். வாடகைக்கு எடுத்த ரீ.வி., ஒரு வீடியோ டெக், பின்வளவில் இரைந்துகொண்டிருந்த ஜெனரேற்றர், முற்றம் நிறையப் பன்பாய். பார்க்க வந்தவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். கைவிடப்பட்ட ஓர் இந்துக் குழந்தையை எடுத்து, ரஹீம் என்று பெயரிட்டு வளர்க்கும் முஸ்லிம் வைத்தியர் இஸ்மாயில் திரையில் வந்ததும், டெக் கொண்டுவந்த காக்கா என் தோளில் தட்டினார். “பாத்தியா தம்பி, எங்கட ஆள். அசல் ஹக்கீம்” என்றார். அதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. பேச்சிலும் நடையிலும் அவர் ஹக்கீமாகவே இருந்தார்.

அடுத்த ஆண்டு எங்கள் பகுதி கண்டவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஒரே முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்க்கும் வழக்கம் அத்தோடு நின்றது. திரும்பி வரப் பல ஆண்டுகள் எடுத்தன. அந்த வைத்தியரின் முகம் மட்டும் என் நினைவில் தங்கிவிட்டது. பின்னாளில் தமிழ் படித்து, பழைய திரைப்படங்களையும் இலக்கியத்தோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் அவர் முஸ்லிமும் அல்லர், தமிழரும் அல்லர், சித்தூர் வி. நாகையா என்னும் தெலுங்குக் கலைஞர் என்பது தெரியவந்தது. அதுமட்டுமல்ல, 1961இல் வெளிவந்த அந்தப் படத்தில் நாங்கள் கண்டது அவருடைய கலைவாழ்வின் பிற்பகுதியை மாத்திரமே என்பதும் புரிந்தது. முற்பகுதியில் அவர் தெலுங்குத் திரையின் முதன்மை நாயகன், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர், தன் பணத்தைப் போட்டுப் படம் எடுத்த தயாரிப்பாளர்.

நாகையா 1904ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்தார். பெயரோடு ஒட்டிக்கொண்ட சித்தூர், அவர் நாடகம் பயின்ற ஊர். காந்தியடிகளின் இயக்கத்தால் ஈர்க்கப்பட்டவர். ‘ஆந்திர பத்திரிகா’வில் பத்திரிகையாளராகவும் சிலகாலம் பணிபுரிந்தார். அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது 1938இல் வெளிவந்த ‘கிருகலட்சுமி’. அதன் இயக்குநர் எச்.எம். ரெட்டி. 1931இல் தமிழின் முதற் பேசும்படம் எனக் கொள்ளப்படும் ‘காளிதாஸ்’ படத்தை இயக்கியவரும் இவரே. அப்படத்தில் நாயகி ரி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசியதை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். தமிழ்ப் படமும் தெலுங்குப் படமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போலச் சென்னையில் வளர்ந்த காலம் அது. ஹைதராபாத்துக்குத் தெலுங்குத் திரையுலகம் குடிபெயர்ந்தது வெகுகாலம் கழித்தே.

அடுத்த ஆண்டு பி.என். ரெட்டியின் வாகினி நிறுவனம் எடுத்த முதற் படமான ‘வந்தே மாதரம்’, வேலையற்ற படித்த வாலிபனாக நாகையாவைக் காட்டிற்று. அதற்கு இசையமைத்தவரும் அவரே. 1940இல் ‘சுமங்கலி’யில் விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கத்தை நினைவூட்டும் முதியவராக நடித்தார். அப்போது அவருக்கு வயது 36! கதாநாயகனாக ஓடியாட வேண்டிய வயதில் நரைத்த தலையோடு வருவதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவே பின்னர் அவருக்குச் சோறு போட்டது என்றும், அதுவே அவரை முதுமை வேடங்களுக்குள் அடைத்துவிட்டது என்றும் இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

தமிழ் ரசிகர் அவரை முதலில் அறிந்தது 1941இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ மூலம். எம்.கே. தியாகராஜ பாகவதர் இளவரசன் குணாளன். நாகையா அசோகச் சக்கரவர்த்தி. இளைய மனைவியின் பொய்யை நம்பி, பெற்ற மகனைக் குருடாக்கத் துணியும் தந்தை அவர். அசோகன் என்றதும் மகிந்த தேரரும் மிகிந்தலையும் பொசன் பௌர்ணமியும் நினைவுக்கு வருகின்ற நாட்டவர் நாம். கலிங்கப் போரை மறந்து, ஒரு குடும்பத்துக்குள் அவசரப்பட்டுத் தீர்ப்பளித்துவிட்டு மனம் நோகும் அசோகனைக் காண்பது நமக்கு ஒரு புதுமைதான். 1945இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவனாக, மனைவியின் பக்தியைத் தடுக்கவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் தவிக்கும் ராணாவாக வந்தார். எல்லோரும் மீராவைப் பற்றியே பேசுவர். அந்த ராணாவின் தவிப்பு மட்டும் இல்லையென்றால் அப்படம் வெறும் இசைக்கச்சேரியாகியிருக்கும் என்பது என் கருத்து.

இவற்றுக்கிடையே தெலுங்கில் அவர் வேறொரு வரிசையைத் தொடங்கியிருந்தார். 1942இல் கே.வி. ரெட்டியின் ‘பக்த போதனா’, 1946இல் ‘தியாகய்யா’, 1947இல் மீண்டும் கே.வி. ரெட்டியோடு ‘யோகி வேமனா’. மூவரும் ஞானியர், கவிஞர். மூவரும் பொருளைப் புறக்கணித்தவர்கள். போதனர் பாகவதத்தைத் தெலுங்கில் பாடி, அதனை அரசனுக்குக் காணிக்கையாக்க மறுத்து, ஏர் உழுது பிழைத்ததாகக் கதை. வேமனரோ நம் பட்டினத்தாரின் உறவுக்காரர் எனத்தக்கவர். இன்பத்தில் மூழ்கிக் கிடந்து, ஒரு நாள் அனைத்தையும் உதறிவிட்டு வீதியில் இறங்கியவர். தியாகராஜரின் (1767–1847) கதையை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை அரசவையின் அழைப்பையும் பரிசையும் வேண்டாமென்று திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்துண்டவர். அண்ணன் கோபத்தில் காவிரியிலே எறிந்த இராம விக்கிரகத்தைத் தேடி அலைந்தவர்.

‘தியாகய்யா’வை நாகையா தமது ரேணுகா பிலிம்ஸ் மூலம் தாமே தயாரித்தார், தாமே இயக்கி, நடித்து, பாடி, இசையும் அமைத்தார். அப்படம் வந்த வேளையையும் கவனிக்க வேண்டும். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டு, தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டே முதன்மை பெறவேண்டும் என்ற குரல் வலுத்திருந்தது. அக்குரல் நியாயமானது, ஒரு தமிழாசிரியனாக நான் அதன் பக்கமே நிற்பேன். அந்தச் சூழலிலே தெலுங்குக் கீர்த்தனங்கள் நிறைந்த ஒரு தெலுங்குப் படத்தைத் தமிழ் ரசிகரும் விரும்பிப் பார்த்தனர். தியாகராஜர் பாடியது தெலுங்கு. குடித்தது காவிரித் தண்ணீர். அந்த இரட்டை உரிமையை எந்த வாதமும் செய்யாமல் படம் எடுத்துக் காட்டிற்று.

இனி இலக்கிய நேயர்கள் விரும்பக்கூடிய செய்தி. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலை யோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழாக்கினார். 1950இல் கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனம் அதே பெயரில் கே. ராம்நாத் இயக்கத்தில் படமாக்கிற்று. சிறை மீண்ட குற்றவாளியாகவும், பின்பு ஊர் மதிக்கும் பெரியவராகவும் மாறும் அந்தப் பாத்திரத்துக்குக் கந்தன் என்று பெயர், நாகையாவே கந்தன். அவரை விடாது துரத்தும் பொலிஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அன்றுமுதல் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே அழைக்கப்படலானார். துரத்தியவருக்குப் பாத்திரத்தின் பெயரே பட்டமாகியது. துரத்தப்பட்டவருக்கு எதுவும் ஒட்டவில்லை. வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனை மன்னித்து, அவற்றோடு வெள்ளி மெழுகுதாங்கிகளையும் அவனுக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிற பாதிரியார் ஹியூகோவின் படைப்பு. நாகையா தாம் வாழ்ந்த வீட்டில் அந்தப் பாதிரியாரின் பாத்திரத்தையே ஏற்றிருந்தார் என்று தோன்றுகிறது. அக்காலத்தில் தென்னிந்தியத் திரையில் மிக உயர்ந்த ஊதியம் பெற்றவர்களுள் அவர் ஒருவர். வந்தவர்க்கெல்லாம் இலை போட்ட வீடு அவருடையது என்றும், கேட்டவர்க்கு இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்றும் அவரோடு பழகியவர்கள் பதிந்திருக்கின்றனர்.

இந்த இடத்தில், தானம் செய்தே நாகையா தரித்திரரானார் என்று கதையை முடித்துவிடுவதே வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. காலமும் அவருடைய காலடியில் இருந்து நகர்ந்துகொண்டிருந்தது. அவர் பாடி நடிக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். பின்னணிப் பாடல் வேரூன்றியதும், நடிகன் பாடத் தெரிந்தவனாக இருக்கவேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. 1953ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நாகையா தாமே தயாரித்து இயக்கி, ரி.ஆர். ராஜகுமாரியோடு நடித்த படம் தெலுங்கில் ‘நா இல்லு’ என்றும் தமிழில் ‘என் வீடு’ என்றும் வந்தது. எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. அதே ஆண்டில் அக்கினேனி நாகேஸ்வரராவ், கண்டசாலாவின் குரலை இரவல் வாங்கி ‘தேவதாஸ்’ ஆனார். அந்தத் தேவதாசுக்காக நம் நாட்டிலும் கண்ணீர் விட்டவர் ஏராளம்.

தயாரிப்பாளராகவும் அடுத்த தலைமுறை வேறு வழியில் நடந்தது. என்.ரி. ராமராவ் நேஷனல் ஆர்ட் தியேட்டர் நிறுவனத்தை ஆரம்பித்தபோது, தம்பி திரிவிக்கிரமராவ் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். நாகேஸ்வரராவ் சேர்ந்து அமைத்த அன்னபூர்ணா பிக்சர்ஸ் நிறுவனத்தில் கணக்கு வழக்குகளைக் கவனிக்க துக்கிபாடி மதுசூதனராவ் இருந்தார். நடிகன் நடித்தான், பெட்டிச் சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்தது. நாகையாவின் பெட்டிக்குச் சாவியே இருக்கவில்லை. தியாகராஜரைப் படம் எடுப்பதற்குத் தியாகராஜரைப் போலவே வாழவேண்டும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. திருவையாற்றில் அரிசி இரந்து உண்ணலாம். ஸ்ரூடியோ வாடகைக்கும் பிலிம் சுருளுக்கும் அப்படி இரக்க முடியாது. இதைக் குறையாகச் சொல்கிறேனா, பெருமையாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை. பாகவதரின் முடிவும் நினைவுக்கு வருகிறது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947இல் விடுதலையாகி, பழைய நிலையை அடையாமலே 1959இல் மறைந்தார். ‘அசோக்குமார்’ படத்தின் தந்தையும் மகனும் வெவ்வேறு வழியால் ஒரே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தனர்.

தோல்விக்குப் பிறகும் நாகையா ஓய்ந்துவிடவில்லை. பிறர் படங்களில் தந்தையாகவும் பெரியவராகவும் நடித்துக்கொண்டே இன்னொரு ஞானியைப் படமாக்க முனைந்தார். தயாரிப்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 1964இல் ‘ராமதாசு’ வெளியாயிற்று. அதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை. 1965இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. விருது மார்பில் ஏறியது. கைக்கு எதுவும் வரவில்லை. 1973 டிசம்பர் 30ஆம் திகதி, பொருள் முட்டுப்பாட்டுடனேயே சென்னையில் காலமானார்.

அந்த ராமதாசின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. பதினேழாம் நூற்றாண்டில் கோதாவரிக் கரையிலுள்ள பத்ராசலத்தில் வரி அறவிடும் அதிகாரியாக இருந்த கஞ்சர்ல கோபன்னா, அரசுப் பணத்தை எடுத்து இராமனுக்குக் கோயில் கட்டிவிட்டார். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானாஷா அவரைச் சிறையிலிட்டான். பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. இறுதியில் இரண்டு வாலிபர்கள் சுல்தான்முன் தோன்றி ஆறு இலட்சம் நாணயத்தையும் எண்ணிக் கொடுத்துச் சீட்டு வாங்கிச் சென்றார்கள் என்றும், அவர்கள் இராம இலக்குமணர் என்றும் ஐதிகம். மனம் மாறிய சுல்தான், பத்ராசலத்துச் சீதா கல்யாணத்துக்கு முத்துக்கள் அனுப்பும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தான் என்பர். அரசு சார்பில் முத்து அனுப்பும் அந்த மரபு இன்றுவரை தொடர்கிறது.

கொஞ்சக் காலத்துக்கு முன்பு அந்த டெக் காக்காவைக் கல்முனைச் சந்தையடியில் கண்டேன். தள்ளாத வயது, கையில் ஊன்றுகோல். பாவமன்னிப்பு ஹக்கீமை ஞாபகமா காக்கா என்று கேட்டேன். “மறப்பமா தம்பி” என்றார். தேநீர்க் கடை வாங்கில் இருந்தபடி நாகையாவின் கதை முழுவதையும் சொன்னேன். தெலுங்கர் என்றதற்கு அவர் அதிசயப்படவில்லை. ராமதாசு கதையைத்தான் கவனமாகக் கேட்டார். சுல்தான் முத்து அனுப்பிய இடத்தில் தலையை ஆட்டினார். கடைசியில், “அந்த ராமதாசுக்கு ரெண்டு பேரு வந்து கடன் கட்டினாங்க எண்டு சொல்றாய். இந்த மனிசனுக்கு ஆரும் வரல்லியா?” என்றார்.

இல்லைக் காக்கா என்றேன். அவர் சற்று நேரம் வீதியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அஸருக்கு நேரமாகிறது என்று ஊன்றுகோலை எடுத்தார். என்னைக் காசு கொடுக்கவிடாமல் இரண்டு தேநீருக்கும் அவரே கொடுத்தார்.