எல்லை மாறிய ஆண்டின் கால்பந்து

ஒவ்வோராண்டும் நவம்பர் முதல் நாளில் நாகர்கோயிலில் மார்ஷல் நேசமணியின் சிலைக்கு மாலைகள் விழுகின்றன. 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்கள் நினைவுகூரப்படுகிறார்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டம் மேடைகளில் மீண்டும் சொல்லப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி என்றொரு மாவட்டம் பிறந்தது. அந்த ஆண்டின் அரசியலைப் பற்றி நம்மிடம் நூல்கள் உண்டு. தேவிகுளமும் பீர்மேடும் நெய்யாற்றின்கரையும் கிடைக்காமற்போன வருத்தத்தைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அதே ஆண்டின் பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வெறும் விளையாட்டாகவே தோன்றலாம். ஆயினும் அந்தப் பருவத்தைக் கூர்ந்து நோக்கும்போது, மாநிலப் பிரிவினையின் வரவுசெலவுக் கணக்கில் எவரும் எழுதாத ஒரு வரி இருப்பதை நாம் காண்கிறோம்.

இந்தியாவின் மாநிலங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டி சந்தோஷ் கோப்பை. 1941இல் தொடங்கியது. பெயரைக் கேட்டு இதை மகிழ்ச்சியோடு தொடர்புபடுத்திக்கொள்வோர் உண்டு. உண்மையில் சந்தோஷ் என்பது ஊர்ப்பெயர். வங்காளத்துக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக விளங்கிய மன்மதநாத் ராய் சௌத்ரி அந்த ஊரின் ஜமீன்தார். மகாராஜா என்று அழைக்கப்பட்டவர். 1947இல் அவ்வூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. ஆக, இந்திய மாநிலங்கள் தம்முள் போட்டியிட்டுப் பெறும் கோப்பை, இந்தியாவில் இல்லாத ஓர் ஊரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. எல்லைகளைப் பற்றிய கட்டுரையில் இதையும் குறித்துவைப்பது தகும்.

இந்தக் கோப்பை 1955-56 பருவத்தில் எர்ணாகுளத்தில் ஆடப்பட்டது. இறுதியாட்டத்தில் வங்காளம் மைசூரை 1-0 என்று வென்றது. அடுத்த பருவம், 1956-57, திருவனந்தபுரத்திற்கு வந்தது. தெற்கே பந்தாட்டத்திற்கு இப்படி அடுத்தடுத்து இரு பருவங்கள் வாய்த்தது தற்செயலன்று. கர்னல் கோதவர்ம ராஜா என்னும் ஜி.வி.ராஜாவின் முயற்சியில் 1954இலேயே திருவிதாங்கூர்-கொச்சியில் விளையாட்டுக்கென ஒரு கவுன்சில் அமைந்துவிட்டது. அரச குடும்பத்தில் மணம்புரிந்தவர் என்பதனால் அவருக்குத் திறந்த கதவுகள் பல. அந்தக் கதவுகளைத் தம் சொந்தப் பெருமைக்கு மட்டும் பயன்படுத்தாமல், மைதானங்களுக்கும் போட்டிகளுக்கும் பயன்படுத்தினார் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

திருவனந்தபுரம் நாகர்கோயிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் அடங்கும். 1938இல் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட பாதையே திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் பாதைதான். காலையில் ஏறினால் நண்பகலுக்கு முன் தலைநகரில் இருக்கலாம். நம் மாவட்டத்து மக்களுக்கு அந்நாளில் ‘பட்டணம்’ என்பது சென்னையன்று. வழக்கென்றாலும் வைத்தியமென்றாலும் கல்வியென்றாலும் மேற்கு நோக்கித்தான் போனார்கள். இரணியல் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சிறுவனாயிருக்கையில் தாய்மாமனோடு அந்தப் போட்டியின் ஆட்டமொன்றைப் பார்க்கப் போனதை நம்மிடம் சொன்னதுண்டு. யார் யாரை வென்றார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. “ஹைதராபாத்துக்காரன் பந்தை மேலே தூக்கவே மாட்டான், தரையோடு தரையா உருட்டிக்கிட்டே போவான்” என்பது மட்டும் நினைவிலிருந்தது.

அவர் நினைவு பிசகவில்லை. அந்தப் பருவத்தின் கோப்பையை வென்றது ஹைதராபாத். இறுதியில் பம்பாயை 4-1 என்று தோற்கடித்தது. அந்த அணியின் பின்னால் நின்றவர் சையத் அப்துல் ரஹீம். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியைப் பயிற்றுவித்து, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வெல்லச் செய்தவர். உயரத் தூக்கியடித்து அதன்பின் ஓடுவது அன்றைய பொது வழக்கம். அவரோ பந்தைத் தரையில் வைத்துச் சிறு சிறு கைமாற்றங்களால் நகர்த்தும் முறையை வற்புறுத்தினார். ‘கைமாற்றம்’ என்று காலாட்டத்திற்குச் சொல்வது விந்தைதான். வேறு நல்ல தமிழ்ச் சொல் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. அந்த ரஹீம் கண்டெடுத்த இளைஞர்களுள் ஒருவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பமொன்றில் 1936இல் பிறந்தவர். அந்த ஆண்டு அவருக்கு வயது இருபது.

இங்கேதான் நமக்கு வியப்பளிக்கும் செய்தி வருகிறது. நாம் சென்னையோடு சேர்ந்த அதே 1956 நவம்பர் 1 அன்று ஹைதராபாத் மாநிலம் இந்திய வரைபடத்திலிருந்து மறைந்தது. அதன் தெலுங்குப் பகுதி ஆந்திரத்தோடும், மராத்திப் பகுதி பம்பாயோடும், கன்னடப் பகுதி மைசூரோடும் சேர்ந்தன. மாநிலம்தான் போயிற்று, அணி போகவில்லை. 1957-58 பருவத்திலும் ஹைதராபாத் என்ற பெயரிலேயே ஆடி, மீண்டும் பம்பாயையே 3-1 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. நாடாளுமன்றம் கலைத்துவிட்ட ஒரு மாநிலத்தைப் பந்தாட்டக்காரர்கள் சிறிது காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் அவர்கள் கோப்பையை வென்றது 1965-66இல்தான். அதுவும் நம் அண்டையிலிருக்கும் கொல்லத்தில்.

அந்த 1956இன் இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக் வந்தது. நான்காண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றுத் தலைகுனிந்து திரும்பிய இந்திய அணி, இம்முறையும் ரஹீமின் பயிற்சியிலேயே சென்றது. டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்றது. நெவில் டிசௌசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காமிடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு மேல் இந்தியா சென்றதில்லை.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலை ஊர் வாரியாகப் படித்துப் பார்ப்பது நமக்கொரு பழக்கம். பலராம் அதில் இருக்கிறார். இலக்குக் காவலர் பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்து இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்திற்காக ஆடியவர். அந்த மையம் 1955இல் டூரண்ட் கோப்பையை வென்றிருந்தது. இன்னொரு காவலர் எஸ்.எஸ்.நாராயண், ஒற்றப்பாலத்தில் பிறந்து பம்பாய்க்காக ஆடியவர். தடுப்பாட்டக்காரர் டி.அப்துல் ரஹ்மான் கோழிக்கோட்டுக்காரர். கல்கத்தாவில் மோகன் பகானுக்கு ஆடியவர். ஒற்றப்பாலமும் கோழிக்கோடும் மலபாரைச் சேர்ந்தவை. 1956 அக்டோபர் 31 நள்ளிரவு வரை மலபார் சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம்! ஆக, இவ்விருவரின் சொந்த ஊர்களும் சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்குப் போயின. அதே நள்ளிரவில் நம் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னைக்கு வந்தன.

மொழிவழி மாநிலம் என்ற அளவில் இந்தப் பரிமாற்றம் நியாயமானது. அதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. நம் தாத்தாக்கள் மலையாளத்தில் விண்ணப்பம் எழுதித்தர ஆள் தேடி அலைந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் பந்தாட்டத்தின் அளவில் பார்த்தால் சென்னை இழந்தது மலபார் என்னும் பெருவயல். கோழிக்கோட்டில் 1952இலேயே நாக்ஜி கோப்பைப் போட்டி தொடங்கி அகில இந்திய அணிகளை அழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஈடாகச் சென்னை பெற்றது ஒரு கடற்கரை. அந்தக் கடற்கரையில் பந்து உருள்கிறது என்பதைச் சென்னை அறிந்துகொள்ளவே பல்லாண்டுகளாயின.

எப்படி அறியும்? 1956இல் நம் மாவட்டத்தில் ஒரு முழம் தண்டவாளம் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இரயில் வந்தது 1979இல். நாகர்கோயிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பாதை திறந்தது 1981இல். அதுவரையில் மாநில அணித் தேர்வுக்குப் போக விரும்பும் இளைஞன் பேருந்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலி சென்று, அங்கிருந்து இரவு முழுதும் இரயிலில் பயணம் செய்து எழும்பூரில் இறங்க வேண்டும். எழுநூறு கிலோமீட்டர். ஹெல்சிங்கித் தோல்விக்குப் பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டுவிட்டதால், மணலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்குக் காலணி வாங்கும் செலவு வேறு. மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பம் இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போகும்? கல்லூரிகளும் திசை மாறின. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்தபோது ஸ்காட் கிறித்தவக் கல்லூரி மாணவன் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டத்திற்குத் திருவனந்தபுரத்திற்குப் போனான். பின்னர் சென்னை, 1966 முதல் மதுரை, 1990 முதல் திருநெல்வேலி என்று பல்கலைக்கழகங்கள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் முன்பு வளர்ந்திருந்த போட்டிகளும் பழக்கங்களும் அறுந்தன.

இத்தனைக்கும் பிறகு நம் மாவட்டத்தில் கால்பந்து அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. ஏன் அழியவில்லை என்பதற்கு நாம் கண்ட விடை சற்று எதிர்பாராத திசையிலிருந்து வருவது.

நாஞ்சில் நாடு என்று கண்டிப்பாகச் சொன்னால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். பந்து உயிரோடிருக்கும் இடம் அங்கில்லை. மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விளவங்கோட்டின் கடற்கரையில் இருக்கிறது. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஒன்றோடொன்று ஒட்டிய மீனவ ஊர்கள். இந்த ஊர்களின் வருவாய்த்துறை 1956இல் சென்னைக்கு மாறியது. காவல் நிலையம் மாறியது. பள்ளிப் பாடநூல் மாறியது. மறைமாவட்டம் மாறவில்லை. மாவட்டத்தின் மற்றக் கத்தோலிக்கக் கடற்கரை 1930இல் உருவான கோட்டாறு மறைமாவட்டத்தில் இருக்க, தூத்தூர் வட்டாரம் மட்டும் இன்றளவும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தின்கீழ் இருக்கிறது. குடியரசு வரைந்த கோட்டைத் திருச்சபை பின்பற்றவில்லை. எனவே தூத்தூரின் பங்கும் திருவனந்தபுரத்துக் கடற்கரையின் பங்கும் ஒரே குடும்பமாகவே நீடித்தன. கோயில் முற்றத்து மணல்வெளி, பாதுகாவலர் திருவிழாவையொட்டிய போட்டி, அதற்கு மேற்கேயிருந்து வரும் அணி, பதிலுக்கு இங்கிருந்து போகும் அணி. பெண்கொடுத்துப் பெண்ணெடுப்பது எவ்வாறு நின்றுபோகவில்லையோ அவ்வாறே பந்தும் நின்றுபோகவில்லை. திருவனந்தபுரத்தோடு இருந்த பழைய தொடர்பு எங்கே அறுபடாமல் இருந்ததோ அங்கேதான் ஆட்டமும் செழித்தது என்பது நம் துணிபு. இதை மறுப்போரும் இருக்கலாம். மீனவ ஊர்களில் எங்குமே கால்பந்து உண்டென்பார்கள். உண்டுதான், ஆயினும் இந்த எட்டு ஊர்களின் செறிவு வேறெங்கும் இல்லை.

கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் வென்றது. இறுதியாட்டத்தில் இரயில்வே அணியை 3-2 என்று வீழ்த்தியபோது மூன்று கோல்களையும் அடித்தவர் தலைவர் மணி. கேரளக் கால்பந்தின் வரலாறு எழுதுவோர் 1956க்கு முந்தைய திருவிதாங்கூரைத் தம் முன்வரலாறாகக் கொள்கிறார்கள். அதில் தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்கள் இடம்பெறுவதில்லை. தமிழகத்துக் கால்பந்தை எழுதுவோரோ சென்னை லீக்கிலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களுக்கு 1956க்கு முன் நாம் இல்லை. தமிழ்நாடு அணி 2012இல் கட்டக்கில் சந்தோஷ் கோப்பை இறுதி வரை சென்று இராணுவத்தினரின் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. கோப்பையை அது இன்னும் வென்றதில்லை. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் புறப்பட்டு இந்தியன் சூப்பர் லீக்கில் பெயர்பெற்றபோதுதான் செய்தித்தாள்கள் அந்த ஊரின் பெயரைச் சரியாக எழுதப் பழகின.

நம் வகுப்பிலும் தூத்தூர்ப் பக்கத்து மாணவர் சிலர் எப்போதும் இருப்பதுண்டு. திங்கட்கிழமை காலையில் முழங்காலில் சிராய்ப்போடு வந்து கடைசி வரிசையில் அமர்வார்கள். சங்கப் பாடலில் நெய்தல் திணையை நடத்தும்போது மட்டும் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுள் ஒருவனிடம் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எங்கே என்று கேட்டோம். பொழியூரில் என்றான். பொழியூர் கேரளத்தின் கடைசி ஊர்; பல சந்தோஷ் கோப்பை வீரர்களைத் தந்த ஊர். அதற்கும் நம் நீரோடிக்கும் இடையில்தான் மாநில எல்லை. எல்லையைத் தாண்டியா போகிறாய் என்று வேடிக்கையாகக் கேட்டதற்கு அவன் விளங்காமல் விழித்தான். கடற்கரையோடு நடந்துதானே போகிறோம் சார், என்றான்.