'மாகான' மகனான வரலாறு

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைகளில் பண்டைத் தமிழ்-பிராமி எழுத்து வெட்டியவர்களின் முறையில் 'மகன்' என்ற சொல்லை எழுதினால் மூன்று எழுத்துகள் வரும். முதலில் ம, அதன் தலையில் வலப்பக்கமாக ஒரு சிறு கோடு. அடுத்து க, அதற்கும் அதே கோடு. மூன்றாவது ன, அதற்குக் கோடு கிடையாது. அசோகனின் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர் இதை 'மாகான' என்றுதான் வாசிப்பார். வடக்கே அந்தக் கோடு நெடிலின் குறி. கோடில்லாத எழுத்து அகரம் ஏறிய உயிர்மெய். தெற்கே எழுதியவர்கள் தமிழின் தேவைக்கு அந்த முறையை மாற்றிக்கொண்டார்கள். சொல்லின் இறுதியில் மெய்யெழுத்து நிற்கும் மொழி இது. புள்ளி வழக்குக்கு வராத அந்தக் காலத்தில், கோடில்லாத எழுத்தை மெய்யாகவும், கோடு போட்ட எழுத்தை இடத்துக்கேற்ப அகரமாகவோ ஆகாரமாகவோ வைத்துக்கொண்டார்கள். இந்தச் சின்ன விதி அறிஞர்களுக்குப் பிடிபட்டு நிலைபெற எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிடிபட்டதற்குத் தனியொருவரின் மேதைமை மட்டும் காரணமல்ல. பிழையான வாசிப்பும் சரியான வாசிப்பும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய படிகளும், பிறர் கையில் எடுத்துச் சோதிக்கக்கூடிய இதழ்களிலும் தொகுதிகளிலும் அச்சாகியிருந்தன. வட்டார வரலாற்றை ஆய்விதழில் வெளியிடுவதன் முதற்பயன் இதுதான் என்று நினைக்கிறேன்: எழுதியவருக்குப் பெருமை சேர்ப்பதைவிட, அவர் எழுதியது திருத்தப்படுவதற்கு வழி செய்வது.

நடந்தது இப்படி. மாங்குளம் குகைக் கல்வெட்டை ராபர்ட் சீவெல் 1882-லேயே கண்டு குறித்தார். அது மறக்கப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. 1919-ல் புனாவில் கூடிய முதல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் எச். கிருஷ்ண சாஸ்திரி இந்தக் குகை எழுத்துகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். 1924-ல் சென்னையில் அதே மாநாடு கூடியபோது கே.வி. சுப்பிரமணிய ஐயர் ஓர் அடி முன்னே போனார். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் இங்கே தனி வடிவத்தில் இருப்பதையும், வடமொழிக்கே உரிய எழுத்துகள் அநேகமாக இல்லாததையும் காட்டி, இவற்றின் மொழி தமிழே என்றார். அவர் சொன்னது உடனே ஏற்கப்படவில்லை. 1938-ல்கூட சி. நாராயண ராவ் இதே எழுத்துகளைப் பிராகிருதமாக வாசித்து ஆய்விதழில் நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஐராவதம் மகாதேவன் 1960-களில் குகை குகையாக ஏறி இறங்கி, பழைய படிகளைக் கல்லோடு ஒத்துப் பார்த்து, கோட்டின் விதியை முறையாக வகுத்த பிறகே 'மாகான' மகனாயிற்று. தம்முடைய முந்தைய வாசிப்புகளில் பலவற்றை அவரே பின்னர் மாற்றினார். 1966-ல் அவர் தந்த தொகுப்புக்கும் 2003-ல் வெளிவந்த பெரிய ஆங்கில நூலுக்கும் இடையிலான 37 ஆண்டுகள் அந்தத் திருத்தத்துக்கு ஆன காலம்.

இதில் 'படி' என்று நான் சொல்வதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கல்லைத் துலக்கிக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். ஓரளவு உலர்ந்ததும் மை ஒற்றுவார்கள். மேட்டில் மை பிடிக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அந்தத் தாள் கல்லின் நிழல். அதில் வாசிப்பவரின் கருத்து கலப்பதில்லை. அதைப் பார்த்து எழுதும் பாடத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிதைந்து ஐயத்துக்கு இடமாக உள்ள எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள்; பதிப்பாசிரியர் தாமாகச் சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி இடுவார்கள். 1890-ல் ஹூல்ஷ் வெளியிடத் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும் 'எபிகிராபியா இண்டிகா' இதழிலும் இந்த வழக்கம் ஊன்றியது. கல்லில் இருப்பது எது, நான் ஊகித்தது எது என்று வாசகனுக்குப் பிரித்துக் காட்டும் அந்த அடைப்புக்குறியில் அறிஞனின் நேர்மை முழுவதும் அடங்கியிருக்கிறது. நாராயண ராவின் வாசிப்பு தவறாகப் போனது. ஆனால் எந்த எழுத்தை எப்படி வாசித்தார் என்று அவர் ஒளிக்காமல் அச்சிட்டதால், அடுத்து வந்தவருக்கு எங்கே தவறு என்று காட்ட முடிந்தது.

இந்தத் திருத்தத்தின் பயன் எழுத்தியலோடு நிற்கவில்லை. சேரரின் தலைநகரான வஞ்சி எது என்ற பழைய வழக்குக்கும் அது போய்ச் சேர்ந்தது. வி. கனகசபை மலைநாட்டுப் பக்கம் வஞ்சியைத் தேடினார். கே.ஜி. சேஷ ஐயரும் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்காரும் கொடுங்கல்லூர்ப் பக்கம் நின்றார்கள். இரா. இராகவையங்கார் 'வஞ்சிமாநகர்' எழுதிக் கருவூரே வஞ்சி என்றார். எல்லாரும் பெரும்புலவர்கள், எல்லாருக்கும் கையிலிருந்த சான்று பெரும்பாலும் பாட்டும் உரையும்தான். கரூரை அடுத்த வேலாயுதம்பாளையத்தில், ஆறுநாட்டார் மலைக் குகையில் வெட்டியிருந்த கல்வெட்டு வழக்கின் நிலையை மாற்றியது. ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை அது சொல்கிறது. இளங்கடுங்கோ இளவரசனானபோது செங்காயபன் என்ற சமணத் துறவிக்காக இருப்பிடம் வெட்டப்பட்ட செய்தி அது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு மகாதேவன் இவர்களை இணைத்தார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த, மாக்கோதை, குட்டுவன் கோதை போன்ற பெயர் பொறித்த காசுகளும் சேர்ந்தபோது கருவூரின் பக்கம் கனத்தது. அந்த மூவரையும் பதிற்றுப்பத்து மன்னர்களோடு ஒன்றுக்கொன்று பொருத்துவதில் இன்றும் மறுப்பு உண்டு. அந்த மறுப்புகளும் அச்சில் இருக்கின்றன. ஆகவே வழக்கு உயிரோடு இருக்கிறது.

இன்று ஆய்விதழ் என்றால், கட்டுரையை அச்சிடுமுன் அதே துறையறிந்த இருவர் மூவரிடம், பெரும்பாலும் பெயர் மறைத்து, அனுப்பிக் கருத்துக் கேட்பது கட்டாயம். சகமதிப்பாய்வு என்று இதைச் சொல்கிறார்கள். 1665-ல் லண்டன் ராயல் சங்கம் இதழ் தொடங்கிய காலத்திலிருந்தே இது இருந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எல்லா இதழ்களும் கைக்கொள்ளும் விதியாக இது பரவியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். புகழ்பெற்ற 'நேச்சர்' இதழே 1973-ல்தான் இதை நிலையான நடைமுறை ஆக்கியது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப் பொழில்' போன்ற இதழ்கள் வேறு வழியில் இதே வேலையைச் செய்தன. ஆசிரியர் புலமையாளராக இருந்து தேர்ந்தெடுப்பார்; அச்சான பிறகு மறுப்புக் கட்டுரை வரும்; மறுப்புக்கு மறுப்பு வரும். நூலை அவையில் அரங்கேற்றும் மரபும் நமக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இறையனார் களவியல் உரையைக் கேட்ட உருத்திரசன்மன் கண்ணீராலும் மெய்சிலிர்ப்பாலும் தீர்ப்புச் சொன்னதாகத்தான் கதை. காரணம் சொன்னதாக இல்லை. மதிப்பாய்வாளர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். தீர்ப்பைவிட அந்தக் காரணமே எழுதியவருக்கு உதவும்.

மதிப்பாய்வுக்கு எதிரான வாதங்களில் வலுவானது இது: ஊர் வரலாற்றைத் தேடி அலைந்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்கள். மகாதேவன் ஆட்சிப்பணி அதிகாரி. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் குடந்தையில் பள்ளித் தமிழாசிரியர். இப்படிப்பட்டவர்களை மதிப்பாய்வு என்ற வேலி வெளியே தள்ளிவிடாதா? வேலியைச் சரியாகப் போட்டால் தள்ளாது. பெயரையும் பதவியையும் மறைத்து அனுப்பும் முறை, பட்டமில்லாதவருக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. தள்ளுவது வேறொன்று, அது மொழி. உயர்ந்தது என்று எண்ணப்படும் இதழ்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் மட்டுமே எழுதும் ஆய்வாளரின் கண்டுபிடிப்பு, அதை எடுத்து ஆங்கிலத்தில் எழுதும் இன்னொருவரின் அடிக்குறிப்பாகக்கூட வராமல் போவதுண்டு. இது அநீதி. தமிழ் ஆய்விதழ்களில் மதிப்பாய்வை உறுதியாக்குவதும், ஆங்கிலத்தில் எழுதுவோர் அவற்றைப் படித்துப் பெயர் சொல்லி எடுத்தாள்வதும் இதற்கு மருந்து. மதிப்பாய்வையே கைவிடுவது மருந்தாகாது.

மதிப்பாய்வு செய்பவரும் தவறுவாரே, சார்பு கொள்வாரே என்பது அடுத்த வாதம். தவறுவார். உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளலாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பற்றி முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் பிறந்த ஆணை அது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதை 'எபிகிராபியா இண்டிகா'வில் ஆராய்ந்தார். இராசராசனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன்மீது ஐயத்தின் நிழல் விழும்படி அவருடைய சோழர் வரலாறும் அமைந்தது. அவருடைய இடமோ இதழின் தகுதியோ அந்த முடிவைக் காப்பாற்றவில்லை. பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' நூலில் அதே கல்வெட்டின் சொற்களைக் கொண்டே தமிழில் அதை மறுத்தார். இதழ் பிழையே செய்யாது என்று எதிர்பார்க்கக் கூடாது. சாஸ்திரியின் முடிவோடு கல்வெட்டின் பாடத்தையும் அச்சிட்டது என்பதே அதன் சிறப்பு. பாடம் இல்லாமல் முடிவு மட்டும் வந்திருந்தால், குடந்தைக்காரர் ஒருவர் பேராசிரியரை மறுத்திருக்க வழியே இருந்திருக்காது.

காலதாமதத்தைச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வெட்டுக் கிடைத்த மறுநாளே நாளிதழில் செய்தி வந்துவிடுகிறது; ஆய்விதழில் வர ஓராண்டு ஈராண்டு ஆகிறது. செய்தி வருவது நல்லதே. ஊரார் கல்லை மதிக்க அது உதவும். ஆனால் 'ஆயிரம் ஆண்டு பழைமையான கல்வெட்டு' என்ற தலைப்போடு, கல்லின் அருகே நால்வர் நிற்கும் படத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. எந்தச் சுவரில், எந்தப் பக்கம், எத்தனை வரி, எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு என்பவை இல்லை. பத்து ஆண்டு கழித்துத் திருப்பணியில் அந்தக் கல் சுண்ணாம்புக்குள் போய்விட்டால் மிஞ்சுவது தலைப்பு மட்டும்.

இன்றைய சீர்கேட்டையும் மறைக்க வேண்டியதில்லை. பதவி உயர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் கட்டுரை எண்ணிக்கை கேட்கப்பட்டதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் முளைத்தன. பல்கலைக்கழக மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 2018-ல் 4,305 இதழ்களை நீக்கியது. 2019-ல் 'கேர்' என்ற புதுப் பட்டியல் கொண்டுவந்தது. 2025-ல் அதையும் கைவிட்டது. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் 2022-லேயே போய்விட்டது. பட்டியலால் தரம் வராது என்பதை இந்த ஏழெட்டு ஆண்டுகள் காட்டிவிட்டன. கட்டுரையை எடுத்து வாசித்து, சான்றைச் சோதித்துச் சொல்லும் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு எந்தப் பட்டியலும் மாற்றாகாது.

தமிழில் அதற்கு அடித்தளம் இருக்கிறது. தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' வெளியிடுகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டுக்கு ஊர், வட்டம், மாவட்டம், கல் இருக்கும் இடம், காலம், செய்திச் சுருக்கம், பின்பு வரிவரியாகப் பாடம் என்று அதன் பக்கங்கள் அமைந்திருக்கின்றன. திருச்சி டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தின் 'வரலாறு' இதழ் கோயில்களைக் கள ஆய்வோடு பதிவு செய்கிறது. வட்டார வரலாறு எழுதும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இதுதான். கல் கிடைத்தால் படியெடுங்கள் அல்லது பக்கவாட்டு ஒளியில் தெளிவாகப் படமெடுங்கள். இடத்தை அடி அளவுக்குக் குறியுங்கள். ஐயமான எழுத்தை அடைப்புக்குள் போடுங்கள். இப்படி ஓர் இதழுக்கு அனுப்பி, வரும் திருத்தங்களை அன்போடு ஏற்றுக்கொள்ளுங்கள். இதழ் நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்வது, யார் கேட்டாலும் காட்டும்படி மதிப்பாய்வு முறையை வெளிப்படையாக வையுங்கள், மறுப்புக்குப் பக்கம் ஒதுக்குங்கள். ஆறுநாட்டார் மலைக் குகையில் அந்த மூன்று தலைமுறைப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மகாதேவனின் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் ஏறிப் போய் எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்க்கலாம்.